பின்னால் நிற்காத பாபி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவை ஒட்டிய சிற்றூர் பேரி சவுண்ட். 1962-ல் அங்கே ஒரு தொழிலாளியின் வீட்டில் பேரம் நடந்தது. வெளிச்சுவருக்குப் புதுப் பூச்சு, குடும்பத்துக்கு ஒரு கார், கையில் கொஞ்சம் ரொக்கம். கொடுக்க முன்வந்தது பாஸ்டன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி. பதிலுக்கு அது கேட்டது அந்த வீட்டின் பதினான்கு வயதுப் பையனை.

கையெழுத்தான தாளுக்கு ‘சி படிவம்’ என்று பெயர். அதில் ஒப்பமிட்ட பையன் தொழில்முறை ஹாக்கி ஆடினால் அந்த ஒரு அணிக்குத்தான் ஆட முடியும். வேறொரு அணி எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் போக முடியாது. அணி விரும்பினால் அவனை இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம். மீசை முளைக்காத பிள்ளைகளை இப்படிப் பத்திரம் எழுதி வாங்குவதுதான் அன்றைய வட அமெரிக்க ஹாக்கியின் நடைமுறை. பெற்றோருக்கும் அது பெருமைதான். ஊரில் இனிப்பு கொடுக்காத குறை.

அந்தப் பையன் பாபி ஓர். ஐஸ் ஹாக்கியில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் கனடாக்காரர்கள் வெய்ன் கிரெட்ஸ்கி பெயரையும் இவர் பெயரையும் சொல்லி விடிய விடியச் சண்டை போடுவார்கள். கிரெட்ஸ்கி கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர். பாபி தடுப்பாட்டக்காரர். என் ஓட்டு பாபிக்குத்தான்.

நாம் புல்வெளியில் பார்த்துப் பழகிய ஹாக்கி வேறு. இங்கே 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் பனித்தளம். அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், பின்னால் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், முன்னால் மூன்று பேர். பந்துக்குப் பதில் ‘பக்’ என்று மூன்று அங்குல அகலமுள்ள கெட்டியான ரப்பர் வில்லை. எடை 170 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போகட்டும் என்று அதை உறையவைத்தே கொண்டுவருவார்கள். ஸ்கேட்டில் சறுக்கி வரும் ஆளை, பக் அவரிடம் இருந்தால், தோளால் இடித்துப் பலகையில் சாத்தலாம். அதற்குச் சட்டமே இடம் தருகிறது.

இதில் தடுப்பாட்டக்காரர் என்றால் பல காலமாக ஒரே அர்த்தம்தான். கனத்த உடம்பு, மெதுவான கால். தன் கோலுக்கு முன்னால் நிற்பார், வருகிறவரை இடித்துத் தள்ளுவார், பக் கிடைத்தால் முன்னால் இருப்பவரிடம் தட்டிவிட்டு அங்கேயே நிற்பார். விதிவிலக்குகள் இருந்தன. முப்பதுகளில் எடி ஷோர் பக்கை எடுத்துக்கொண்டு முன்னேறி ஓடினார். ஐம்பதுகளில் மான்ட்ரியாலின் டக் ஹார்வி பின்னால் இருந்தபடியே ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். எல்லாவற்றையும் பாபிதான் தொடங்கிவைத்தார் என்று ரசிகர்கள் சொல்வதை அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தடுப்பாட்டக்காரர் ஒருவர் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் புள்ளிப் பட்டியலிலேயே முதலிடம் பிடிப்பார் என்பதை யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை.

பேரி சவுண்டில் குளிர்காலம் வந்தால் ஆறும் விரிகுடாவும் உறைந்துவிடும். ஊர்ப் பையன்கள் அதன்மேல் ‘ஷின்னி’ ஆடுவார்கள். அணி, ஆளுக்கொரு இடம், நடுவர் எதுவும் கிடையாது. பக் யாரிடம் இருக்கிறதோ அவன் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் பிடுங்க வேண்டும். பத்து இருபது பேர் துரத்தும்போது பக்கைத் தன்னிடமே வைத்திருக்கும் வித்தையைப் பாபி அங்கேதான் கற்றான். பூஞ்சை உடம்பு, நல்ல வேகம். இவனை முன்வரிசையில் போடலாமே என்று அப்பாவுக்கு ஆசை. பழைய தொழில்முறைத் தடுப்பாட்டக்காரரும் அப்போது ஊரில் பயிற்சியாளராக இருந்தவருமான பக்கோ மெக்டொனால்ட் மறுத்துவிட்டார். இவன் தடுப்பாட்டத்துக்கே பிறந்தவன் என்றார். ஹாக்கி வரலாற்றையே மாற்றிய மறுப்பு அது.

1961-ல் கனனோக்வே என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டிக்கு புரூயின்ஸ் ஆட்கள் வேறு இரண்டு பையன்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். தொளதொள உடுப்போடு ஆட்டம் முழுக்கப் பக்கை விடாமல் வைத்திருந்த மூன்றாவது பையனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சீக்கிரமே பேரி சவுண்டின் சிறுவர் ஹாக்கிக்கு பாஸ்டனிலிருந்து நன்கொடை வரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சி படிவம் வந்தது. பதினான்கு வயதில் பையன் ஆஷாவா ஜெனரல்ஸ் என்ற இளைஞர் அணியில் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்களோடு இறங்கினான். பிள்ளையை வெளியூரில் தங்கவிட அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் முதல் ஆண்டு முழுக்க அணியோடு பயிற்சியே கிடையாது. ஆட்ட நாளில் காரில் மணிக்கணக்காகப் பயணம் செய்து வந்து ஆடிவிட்டுத் திரும்புவான்.

படகில் ஒரு கையெழுத்து

பதினெட்டு வயதானதும் பாஸ்டன் சம்பளம் பேச வந்தது. அணி மேலாளர் ஹாப் எம்ஸ் நீட்டிய தொகை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார்: டொரொண்டோவைச் சேர்ந்த ஆலன் ஈகிள்சன், ஒன்டாரியோ சட்டமன்ற உறுப்பினர்.

ஆட்டக்காரனுக்காக வக்கீல் பேசுவது அப்போது கேள்விப்படாத விஷயம். லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். முதலாளிகள் சொன்னதுதான் சம்பளம். 1957-ல் டெட்ராய்ட் நட்சத்திரம் டெட் லிண்ட்சே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைக்கப் பார்த்தார். கடைசி இடத்தில் தள்ளாடிய சிகாகோவுக்கு அவரைத் தூக்கி அனுப்பிவிட்டார்கள், சங்கமும் சிதறியது. அப்படிப்பட்ட இடத்தில் ஈகிள்சன் அசைந்துகொடுக்கவில்லை. 1966-ல் எம்ஸின் படகில் வைத்துக் கையெழுத்தான ஒப்பந்தம், லீக்கில் எந்தப் புதுமுகமும் அதுவரை கண்டிராத தொகைக்கு. மறு ஆண்டே ஆட்டக்காரர் சங்கம் உருவானது. அதன் தலைமைப் பொறுப்பில் ஈகிள்சன். பாபியின் ஏஜென்ட்டாகவும் அவரே தொடர்ந்தார். தொழிலாளர் சங்கத் தலைவர், தனி ஆட்டக்காரர்களின் ஏஜென்ட், பிறகு சர்வதேசப் போட்டிகளின் அமைப்பாளர் எல்லாம் ஒரே ஆள். யாருக்கும் அது உறுத்தவில்லை. பாபி அவரைச் சொந்த அண்ணனாகவே நினைத்தார். வரவு செலவு, வரி, முதலீடு எல்லாம் அவர் கையில். இவர் ஆடினார்.

எப்படி ஆடினார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எதிரணியின் முன்வரிசையில் இருவர் பாஸ்டன் பகுதிக்குள் பாய்ந்து வருவார்கள். பாபி தன் கோலுக்குப் பின்னால் பக்கை எடுப்பார். வழக்கமான தடுப்பாட்டக்காரர் அந்த நெருக்கடியில் பலகை ஓரமாக அடித்துவிட்டு நிம்மதி அடைவார். பாபி ஒரு பக்கம் சாய்வதுபோல் காட்டி மறுபக்கம் இரண்டு வீச்சு வீசுவார். துரத்தி வந்த இருவரும் இப்போது அவருக்குப் பின்னால். இனி அவர்கள் கணக்கிலேயே இல்லை. பாஸ்டனின் ஐந்து பேரைத் தடுக்க மூன்று பேர்தான் பாக்கி. முன்னால் போய்ப் பக்கைப் பறிகொடுத்தால் பின்னால் ஓட்டை விழுமே என்றால், அதை நிரப்பவும் அவரே வந்து நிற்பார். போன வேகத்தைவிட அவர் திரும்பி வரும் வேகம் அதிகம் என்றுதான் எதிரணிக்காரர்கள் புலம்பினார்கள். அறுபது நிமிட ஆட்டத்தில் பாதி நேரம் பனியில்தான் இருப்பார். ஸ்கேட்டுக்குள் சாக்ஸ் போடமாட்டார். மட்டை முனையில் மற்றவர்கள் கறுப்பு டேப்பைப் பட்டை பட்டையாகச் சுற்றுவார்கள்; இவருக்கு ஒரே ஒரு சுற்று, கடைசிக் காலத்தில் அதுவும் இல்லை.

முதல் சீசனில் பாஸ்டன் கடைசி இடம். ஆனாலும் சிறந்த புதுமுகம் விருது பாபிக்கு வந்தது. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை அந்த ஆண்டு வாங்கிய நியூயார்க்கின் ஹேரி ஹோவெல், நல்லவேளை இப்போதே வாங்கிக்கொண்டேன், இனி இது அந்தப் பையனுடையது என்கிற மாதிரிப் பேசினார். மேடை மரியாதைக்குச் சொன்னதல்ல. 1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் அந்தக் கோப்பை வேறொருவர் கைக்குப் போகவில்லை.

1969-70 சீசனில் 33 கோல், 87 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), மொத்தம் 120 புள்ளி. லீக்கின் புள்ளிப் பட்டியலில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. அதிகப் புள்ளி, சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், நாக்அவுட் சுற்றின் நாயகன் ஆகிய நான்கு விருதுகளையும் ஒரே ஆண்டில் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அந்த மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். பாஸ்டன் கோப்பையைத் தொட்டு 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. புழுக்கம் நிறைந்த பாஸ்டன் கார்டன் அரங்கில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியுடன் 3-3; கூடுதல் நேரம். நாற்பதாவது வினாடி. எதிரணிப் பகுதியைவிட்டு வெளியேற இருந்த பக்கை, தன் இடத்தைவிட்டு முன்னேறி வந்து பாபி தடுத்தார். தப்பியிருந்தால் எதிரணி நேராகப் பாஸ்டன் கோலுக்குத்தான் போயிருக்கும். கோலருகே இருந்த டெரெக் சாண்டர்சனுக்குத் தட்டிவிட்டுக் கோலை நோக்கிப் பாய்ந்தார். திரும்பி வந்த பாஸ் கோல்கீப்பர் கிளென் ஹாலின் கால்களுக்கு நடுவே போனது. அதே நொடியில் நோயல் பிகார்டின் மட்டை பாபியின் காலை வாரிவிட்டது. பத்திரிகைப் புகைப்படக்காரர் ரே லூசியர் எடுத்த படத்தில் பாபி தரைக்கு இணையாகக் காற்றில் கிடக்கிறார், கைகள் விரிந்து, வாய் நிறையச் சிரிப்பு. விழுவதற்கு முன்பே ஜெயித்தது தெரிந்துவிட்டது. அவர் கீழே வந்து விழுவதற்குள் தான் குளித்து முடித்துவிட்டதாகக் கிளென் ஹால் பின்னாளில் கிண்டலடித்தார்.

எண்களில் நம்பிக்கையுள்ளவர்களுக்கு ஒரு தகவல்: பாபியின் சட்டை எண் 4, நான்காவது ஆட்டம், கூடுதல் நேரமான நான்காவது பீரியட், அணியின் நான்காவது கோல், காலை வாரிய பிகார்டின் எண்ணும் 4.

மறு ஆண்டு 37 கோல், 102 அசிஸ்ட், 139 புள்ளி. ஒரே சீசனில் எந்தத் தடுப்பாட்டக்காரரும் இதைத் தாண்டவில்லை. 1985-86ல் பால் காஃபி 138 வரை வந்து நின்றார். ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறொரு எண்ணை. பெனால்டிச் சலுகையில் விழும் கோல்களை விட்டுவிட்டு, ஒருவர் களத்தில் இருக்கையில் அவர் அணி அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிப்பார்கள். அந்த ஆண்டு பாபியின் கணக்கு +124. ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் முறியடிக்கப்படாத சாதனை. முன்னால் ஓடியதால் பின்னால் கோட்டைவிட்டார் என்று சொல்பவர்களுக்கு இந்த எண் ஒன்றே போதும். நூறு புள்ளியைத் தாண்டிய சீசன்கள் தொடர்ச்சியாக ஆறு. லீக்கின் நூறாண்டு வரலாற்றில் அந்த எல்லையை ஒரு தடவையாவது தொட்ட தடுப்பாட்டக்காரர்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

1971-ல் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். லீக்கின் முதல் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம். 1972-ல் மறுபடி கோப்பை. வெற்றி கோலும் மறுபடி பாபிதான்.

ஜவ்வு

பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு நடுக்களத்தைக் கடக்கிற ஆள் எல்லோர் குறிக்கும் உட்பட்டவர். 1966 டிசம்பரில், முதல் சீசனிலேயே இடது முழங்கால் அடிபட்டது. 1969-ல் டொரொண்டோவின் பேட் க்வின் இடித்த இடியில் நினைவிழந்து விழுந்தார். நினைவு திரும்பிவிட்டது. முழங்கால்தான் திரும்பவில்லை.

மூட்டுக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு, மெனிஸ்கஸ். அது கிழிந்தால் இன்று நுண்துளை வழியாகக் கேமராவை விட்டு, கிழிந்த ஓரத்தை மட்டும் சீவுவார்கள், முடிந்தால் தைத்தேவிடுவார்கள். அறுபதுகளில் எம்ஆர்ஐ கிடையாது. முழங்காலைக் கத்தியால் திறந்து ஜவ்வை வெட்டி எடுத்துவிடுவதுதான் வைத்தியம். வலி நிற்கும், ஆள் சில வாரங்களில் ஆடப் போய்விடுவார். பிறகு எலும்போடு எலும்பு உரசும். சில்லு சில்லாய்ப் பெயரும். அந்தச் சில்லுகளை எடுக்க மறுபடி கத்தி. பாபியின் முழங்கால்கள் ஒரு டஜனுக்கு மேற்பட்ட அறுவைகளைக் கண்டன, பெரும்பாலும் இடது. எட்டு நாரிஸ் கோப்பைகளையும் அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் வாங்கினார். பாஸ்டன் மருத்துவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அன்றைக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். இன்னொரு வாரம் ஓய்வெடு என்று சொல்லும் அதிகாரம் உள்ள யாரும், பாபிக்காக மட்டும் பேசுகிற யாரும், அந்த அறையில் இருந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

1975-76 சீசனில் பத்தே ஆட்டங்கள். அதோடு பாஸ்டன் ஒப்பந்தம் முடிந்தது. அணியின் புதிய முதலாளிகள் அவரைத் தக்கவைக்க ஒரு வழி யோசித்தார்கள்: சம்பளத்தோடு, அணியில் சுமார் 18.5 சதவீதப் பங்கு. ஓர் ஆட்டக்காரனுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதற்குமுன் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பங்கு பற்றி ஏஜென்ட் தன்னிடம் சொல்லவே இல்லை, பாஸ்டனுக்கு நீ வேண்டாமாம் என்றுதான் சொன்னார் என்கிறார் பாபி. சொன்னேன் என்று ஈகிள்சன் சாதித்தார். சிகாகோ முதலாளி பில் விர்ட்ஸ் ஈகிள்சனின் நெருங்கிய நண்பர். பாபி சிகாகோவுக்குப் போனார்.

போவதற்குமுன் 1976 செப்டம்பரில் முதல் ‘கனடா கோப்பை’ நடந்தது. கனடா, சோவியத், செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய ஆறு நாடுகள். அமைப்பாளர் ஈகிள்சன். 1972-ல் சோவியத்துடன் நடந்த புகழ்பெற்ற தொடரில் முழங்கால் காரணமாக ஆட முடியாத ஏக்கம் பாபிக்கு இருந்தது. இந்த முறை இறங்கியே தீருவேன் என்றார். ஆட்டங்களுக்கு நடுவே நடக்கவே சிரமப்பட்டார். மாலையில் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு வருவார். ஏழு ஆட்டம், ஒன்பது புள்ளி, போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த முழங்காலின் கடைசிச் சேமிப்பை அங்கே செலவழித்தார்.

சிகாகோவில் சொல்ல அதிகம் இல்லை. மூன்று சீசன்களில் 26 ஆட்டங்கள். நடுவே ஒரு சீசன் முழுவதும் காலி. ஆடாத காலத்துக்குச் சம்பளக் காசோலையை மாற்ற மறுத்தார். 1978 நவம்பரில் முப்பது வயதில் விலகினார். 657 ஆட்டம், 270 கோல், 645 அசிஸ்ட். மறு ஜனவரியில் பாஸ்டன் அவருடைய நான்காம் எண் சட்டைக்கு ஓய்வளித்த இரவில் கைத்தட்டல் அடங்கவே இல்லை. ஹாக்கியின் புகழ் மண்டபம் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து 31 வயதிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதே நேரத்தில் வேறொரு கணக்கும் தெரியவந்தது. லீக்கின் முதல் பத்து லட்சம் டாலர் ஆட்டக்காரரிடம் இருந்ததைவிட அவர் கட்ட வேண்டிய வரியும் கடனும் அதிகம். ஈகிள்சனோடு உறவு முறிந்தது. ஆனால் பல ஆண்டுகள் பாபி வெளியே வாய் திறக்கவில்லை. நம்பி ஏமாந்ததைச் சொல்லக் கூச்சம். தவிர, கனடாவில் ஈகிள்சன் அப்போது அசைக்க முடியாத ஆள்.

அசைத்தது மாசசூசெட்ஸின் ஒரு சிறு நகரப் பத்திரிகை. லாரன்ஸ் நகரின் ‘ஈகிள்-ட்ரிப்யூன்’ விளையாட்டுச் செய்தியாளர் ரஸ் கான்வே, 1991 முதல் சங்கக் கணக்குகளைத் தோண்டித் தொடராக எழுதினார். காயம்பட்ட ஆட்டக்காரர்களின் காப்பீட்டுத் தொகையில் கைவைத்தது, சர்வதேசப் போட்டிப் பணம் திசைமாறியது எல்லாம் வெளிவந்தன. 1994-ல் பாஸ்டனில் குற்றச்சாட்டு. 1998 ஜனவரியில் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்து லட்சம் கனடிய டாலர் அபராதம், டொரொண்டோவில் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை, அதில் ஆறு மாதம் உள்ளே இருந்தார். கனடாவின் உயரிய விருதும் பறிக்கப்பட்டது. புகழ் மண்டபத்தில் அவர் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் இருந்தால் நாங்கள் வெளியேறுகிறோம் என்று பாபியும் முன்னாள் நட்சத்திரங்களான கார்டி ஹோவும் பிராட் பார்க்கும் இன்னும் பலரும் சொன்ன பிறகு அவராகவே விலகினார்.

பாபியைப் புனிதராக்கவும் வேண்டாம். பாஸ்டன் அரங்க வாசலில் காற்றில் பறக்கும் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பலர், 2020 தேர்தலுக்கு முன் அவர் ட்ரம்புக்காக நியூ ஹாம்ஷயர் நாளிதழில் கொடுத்த முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சிலைக்கு அரசியல் கிடையாது, ஆளுக்கு உண்டு.

தொண்ணூறுகளில் பாபி தேர்ந்தெடுத்த இரண்டாவது தொழில் ஏஜென்ட் வேலை. அவருடைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஒருவராக இருந்தவர், இன்றைய ஹாக்கியின் அதிவேக ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட். 2017-ல் எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தத்தை அந்த நிறுவனம்தான் பேசி முடித்தது. 2019 ஏப்ரலில், சீசனின் கடைசி ஆட்டத்தில், மெக்டேவிட் முழு வேகத்தில் போய்க் கோல் கம்பத்தில் மோதினார். இடது முழங்கால். எலும்பில் முறிவு, தசைநார் அறுந்தது, ஜவ்வு கிழிந்தது. மருத்துவர்களில் ஒரு சாரார் கத்தி வைக்கச் சொன்னார்கள். வைத்தால் அடுத்த சீசன் போய்விடும். படங்களை எடுத்துக்கொண்டு மெக்டேவிட்டும் அவர் தரப்பும் வேறு வேறு நிபுணர்களைப் போய்ப் பார்த்தார்கள். முடிவை அவரே எடுத்தார்: கத்தி வேண்டாம். கோடை முழுவதும் உடற்பயிற்சி, நீர்ப் பயிற்சி, மூட்டுக்கு ஓயாத வைத்தியம். அக்டோபரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். அந்த ஆண்டு 64 ஆட்டங்களில் 97 புள்ளி.